அம்மா வீட்டு ஒயர்

மார்ச் 3

அன்புள்ள ஒயருக்கு,

உறையைப் பார்த்ததும் சிரித்திருப்பாய். ஊருக்கே இன்டர்நெட் கொடுக்கிறவனுக்கு அவன் அக்கா தபாலில் எழுதுகிறாள் என்று ஆபீஸில் எல்லாரிடமும் காட்டுவாய். காட்டிக்கொள். உன்னைத் திட்டி எழுதியதை உன் ஒயர் வழியாகவே அனுப்ப எனக்கென்ன பைத்தியமா? பாதி வழியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். தபால்காரர் பாவம், எதையும் நடுவில் நிறுத்திப் பார்ப்பதில்லை.

விஷயம் ஞாயிற்றுக்கிழமைதான். நான் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஞாயிறு சாயங்காலம் எனக்கும் அம்மாவுக்கும் உரியது. நீயும் பக்கத்தில் உட்கார்ந்து நடுநடுவே மூக்கை நுழைப்பாய், அது வேறு. இந்த வருஷம் பிறந்ததிலிருந்து அம்மாவின் முகம் திரையில் வந்ததும் அப்படியே நின்றுவிடுகிறது. நாள் முழுக்க பல் செட் செய்யும் கூடத்தில் யார் யாருடைய வாய் அச்சோடோ மல்லுக்கட்டிவிட்டு வருகிறேன். வீட்டுக்கு வந்தால் அம்மாவும் அச்சு எடுக்க வந்தவள் போல வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கிறாள். என் முகமும் அங்கே அவளுக்கு அப்படித்தான் நிற்கிறதாம்.

‘படம் நின்னா என்ன, குரல் வருதில்ல’ என்று போனில் சொன்னாய். எங்காவது உட்கார்ந்துகொண்டு அடுத்த வரியைப் படி. அம்மாவுக்குக் காது கேட்கவில்லை.

படம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் நான் டீ குடித்துக்கொண்டே பேசினேன். “கப்பைக் கீழ வை, என்ன சொல்றேன்னு தெரியல” என்றாள். அதற்குப் பிறகுதான் கவனித்தேன். அவள் என் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை, உதட்டைப் பார்க்கிறாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு ஒன்று கேட்டேன். பதிலே இல்லை. பிறகு மென்று முழுங்கிச் சொன்னாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். உனக்குத் தெரியாததில் ஆச்சரியமில்லை. நீ பேசினால் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். காது மெஷின் விற்கும் கடையின் பக்கத்தை அவள் ஒரே ஒரு முறை திறந்து பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து குறுக்கெழுத்துப் புதிர் போடும் பக்கத்தைத் திறந்தாலும் தலைமாட்டில் ‘காது கேட்கவில்லையா?’ என்று கொட்டை எழுத்தில் வருகிறதாம். “நான் யார்கிட்டயும் சொல்லலியே, இதுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று என்னிடம் கேட்டாள். பயந்துபோய் மெஷின் பேச்சையே விட்டுவிட்டாள்.

அம்மாவுக்கா இந்த நிலை? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அந்தப் பெரிய போர்டுக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்த இடம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு ஒயரைப் பிடுங்கி இன்னொரு துளையில் செருகுவாள், ‘பேசுங்க’ என்பாள், அந்த நொடியே ஹெட்போனைக் காதிலிருந்து பின்னால் தள்ளிவிடுவாள். பேச்சு சேர்ந்த பிறகு கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அந்த அறையில் இருந்த அத்தனை பெண்களுக்கும் அதுதான் பழக்கம். பள்ளி விட்டதும் நாம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருப்போம். யாராவது அம்மாவைத் தேடி வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து கத்துவோமே, “அம்மா லைன்ல இருக்காங்க!” என்று. அதில் நமக்கு எவ்வளவு பெருமை!

என் வீட்டு லைன் சரியாக இருக்கிறது. கூட வேலை செய்கிறவள் தினமும் தன் ஊருக்குப் பேசுகிறாள், ஒரு தடங்கலும் இல்லை. கோளாறு உன் பக்கம்தான். என் காதில் பூ சுற்றாமல் பதில் எழுது.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. காட்டுகிற மாதிரியா எழுதியிருக்கிறாய்? முதல் பக்கம் முடிவதற்குள் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தினமும் காலையில் அவள் கையால் டீ வாங்கிக் குடிக்கிறவன் நான். எனக்குத் தெரியாதது, அத்தனை தூரத்தில் இருக்கிற உனக்குத் தெரிந்திருக்கிறது. கோபம் உன் மேலா என் மேலா என்று புரியாமல் இரண்டு நாள் ஆபீஸில் எல்லாரையும் கடித்துக் குதறினேன்.

நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும். ஆனால் இப்போதெல்லாம் அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றுதான் பேசுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒன்றும் இன்டர்நெட்டைக் கிணறு வெட்டி எடுக்கவில்லை. மேலே இருக்கும் பெரிய கம்பெனியிடம் வாங்கி வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்கிறேன். போன வருஷக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அவர்கள் ஆள் ஒருவர் ஷூ டப்பா அளவில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் ஆபீஸ் அலமாரியில் மாட்டினார். மாட்டவில்லை என்றால் ஒப்பந்தம் இல்லை. சாயங்கால நேரத்தில் யார் வீடியோவில் பேசினாலும் அது கண்டுபிடித்து மெதுவாக்கிவிடும். கம்பெனியின் சொந்த ஆப்பில் பேசினால் மட்டும் வழி விடும். அந்த ஆப் உன் நாட்டில் வேலை செய்யாது. யார் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்று கவனித்து, அதற்கேற்ற விளம்பரத்தை மற்றப் பக்கங்களின் தலையில் ஒட்டுவதும் அதுதான். ஆனால் அது அம்மாவின் காது வரைக்கும் போகும் என்று நான் நினைக்கவில்லை.

வாடிக்கையாளர்கள் கேட்டால் ‘உங்க போன் பழசு சார்’ என்கிறோம். சொல்லிச் சொல்லி எங்களுக்கே அது உண்மை போல் ஆகிவிட்டது. தூரத்தில் உட்கார்ந்து நியாயம் பேச உனக்குச் சுலபம். என்னை நம்பி நான்கு பேர் வேலை செய்கிறார்கள். பெட்டியைக் கழற்றினால் அந்த மாதமே மேலே வால்வை மூடிவிடுவார்கள்.

அதனால் என்னால் முடிந்ததைச் செய்திருக்கிறேன். அம்மா வீட்டு மாடிப்படி அடியில் ஒரு பெட்டி இருக்கிறதில்லையா, அங்கிருந்துதான் அந்தக் கட்டிடத்தின் எல்லா வீட்டுக்கும் ஒயர் போகிறது. அதில் அம்மா வீட்டு ஒயர் செருகியிருக்கும் துளையை மட்டும் மெதுவாக்கும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். விளம்பரமும் வராது. ஆட்கள் தெரியாமல் கை வைத்துவிடக் கூடாது என்று அந்தத் துளைக்குப் பக்கத்தில் சிவப்பு டேப் ஒட்டினேன். ஒட்டும்போது அம்மா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய ஆபரேட்டர் இல்லையா, ஒயரைக் கண்டால் சும்மா போக மாட்டாள்.

நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. கொடிக்கயிற்றை வெட்டி, பழைய நாற்காலியின் பிரம்பு ஓட்டைகளில் செருகி எக்ஸ்சேஞ்ச் விளையாடுவோமே. எப்போதும் நீதான் ஆபரேட்டர். நான் மட்டும்தான் சந்தாதாரர். ஒரே ஒரு ஆளை வைத்துக்கொண்டு ‘லைன் பிஸி, காத்திருங்கள்’ என்று என்னைக் கதற வைத்தாய். அந்த வயிற்றெரிச்சலில்தான் சொந்தமாகவே ஒரு கம்பெனி ஆரம்பித்தேன் என்று வைத்துக்கொள். ஆரம்பத்தில் பத்துப் பன்னிரண்டு வீடு. மொட்டை மாடிக்கு மொட்டை மாடி ஒயர் இழுத்தேன். அம்மாதான் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அந்த நாட்களில் எனக்கு மேலே யாரும் இருந்ததாகவே தோன்றியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பார்.

தம்பி


ஏப்ரல் 2

என் தங்கக் கம்பிக்கு,

இரண்டு ஞாயிறு! இரண்டும் கண்ணாடி மாதிரி! அம்மாவின் மூக்குக் கண்ணாடியில் ஒட்டியிருந்த மாவு வரைக்கும் தெரிந்தது. நான் பேசப் பேச அவள் உதட்டைப் பார்த்து உடனுக்குடன் பதில் சொன்னாள். இங்கே என் மேலதிகாரி ஒருவருக்குச் செய்த பல் செட் அவர் தும்மியபோது எதிராளியின் மேஜையில் போய் விழுந்த கதையைச் சொன்னேன். அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று தெரியுமா? போன கடிதத்தில் உன்னைத் திட்டியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மீதி இருக்கட்டும், எப்போதாவது தேவைப்படும்.

நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் மகன் உனக்காகத் தனி வழி போட்டுக் கொடுத்திருக்கிறான், இந்த வயதிலாவது வரிசையைத் தாண்டி முதலில் போகிறாய் என்று கேலி செய்தேன். வெளியூருக்குப் பேசும் அந்த டிரங்க் கால் வரிசை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அப்போது நீ சின்னவன். அப்பா வெளியூரில் வேலையாக இருந்தார். அவருக்கு ஒரு கால் போட வேண்டுமென்றால் அம்மா மற்றவர்கள் போலவே சீட்டு எழுதி, வந்த சீட்டுகளுக்கெல்லாம் அடியில் வைப்பாள். போர்டு அவள் கையில்தான் இருக்கிறது. ஒரு ஒயரைச் செருகினால் அப்பா பேசுவார். செருக மாட்டாள். ஆபரேட்டர்கள் தங்கள் டிரங்க் காலை முன்னால் போட்டுக்கொள்வதில்லை என்பாள். ஒரு பிறந்த நாளன்று எனக்கு அப்பாவோடு பேச வேண்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தேன். நம் முறை வந்தபோது அப்பா அங்கே போன் பக்கத்தில் காத்திருந்து காத்திருந்து கிளம்பிவிட்டார். அம்மாவோடு நான் ஒரு வாரம் பேசவில்லை.

நான் கேலி செய்தபோது அவள் சிரிக்கவில்லை. “அப்போ கீழ் வீட்டுக்கு?” என்று மட்டும் கேட்டாள். கீழ் வீட்டுத் தையல்காரம்மா நன்றாக இருக்கிறாரா? அவர் தைத்துக் கொடுத்த நீலச் சட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 20

தம்பி,

மறுபடியும் நின்றுவிட்டது. இந்த ஞாயிறும் போன ஞாயிறும். நான் பேசுகிறேன், அவள் பேந்தப் பேந்த விழிக்கிறாள். தலையை மட்டும் ஆட்டுகிறாள். மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டால் ‘ஆமா, மழை பெஞ்சுது’ என்கிறாள்.

நீதான் திரும்பப் போட்டிருக்கிறாய். கம்பெனிக்காரன் கண்ணை உருட்டினானா? உருட்டினால் உருட்டினான் என்று எழுதியிருக்கலாமே. கொடுத்துவிட்டுப் பிடுங்குவது சின்ன வயதிலிருந்து உனக்குப் பழக்கம். ஆனால் இது பொம்மை இல்லை. எனக்கு மிச்சம் இருப்பது அவள் முகம்தான். அவளுக்கு மிச்சம் இருப்பது என் வாயசைவு. வேறு எதையும் நான் உன்னிடம் கேட்டதில்லை.

அக்கா


ஏப்ரல் 30

அக்கா,

உன் கடிதம் வந்தபோது எனக்கு வந்த கோபத்தில் ஒரு பதில் எழுதினேன். நல்லவேளை, அனுப்பவில்லை. நான் எதையும் திரும்பப் போடவில்லை. பட்டியலைத் திறந்து பார்த்தேன். அம்மாவின் துளை அதில் இல்லவே இல்லை. விடுபட்டது விடுபட்டபடியே இருந்தது.

நேரில் பார்த்துவிடலாம் என்று அம்மா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே தையல்காரம்மா பிடித்துக்கொண்டார். “தம்பி, உங்களுக்கு ரொம்ப புண்ணியம். இப்பல்லாம் உங்க நெட்டு அருமையா இருக்கு. நேத்து அவரு கரைக்கு வந்து பேசினாரு, முகம் அப்படியே பக்கத்துல இருக்கற மாதிரி இருந்துச்சு” என்றார். அவருடைய கணவர் கப்பலில் சமையல்காரர், உனக்குத் தெரியும். எனக்கு உடனே சந்தேகம் வந்தது. ஏனென்றால் இந்த ஊரில் சாயங்காலத்தில் அருமையாக இருக்கும் ஒயர் ஒன்றே ஒன்றுதான்.

மாடிப்படி அடியில் பெட்டியைத் திறந்தேன். சிவப்பு டேப் ஒட்டிய துளையில் கீழ் வீட்டு ஒயர் செருகியிருந்தது. அம்மா வீட்டு ஒயர் பக்கத்துத் துளையில் இருந்தது. இரண்டும் சிக்கில்லாமல் அழகாக வளைத்துவிடப்பட்டு, தையல் நூலால் கட்டப்பட்டிருந்தன. என் ஆட்கள் யாருக்கும் அப்படிக் கட்டத் தெரியாது.

மேலே போனேன். அம்மா புதிர் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்துக்கு நேராக நின்று கேட்டேன்.

“ஒயரை மாத்தினது யாரு?”

“நான்தான். முப்பது வருஷம் அதைத்தானே பண்ணேன். கை மறக்குமா?”

“ஏம்மா? அக்கா அங்க அழுதுட்டிருக்கா.”

“கீழ இருக்கறவ வீட்டுக்காரரு கரைக்கு வந்தாத்தான் பேச முடியும். போன தடவை அவரு முகம் அப்படியே நின்னுபோச்சுன்னு அவ என்கிட்ட வந்து அழுதா. என் பொண்ணு எங்க போயிடப் போறா? அடுத்த ஞாயித்துக்கிழமை வருவா.”

“அப்போ நீ?”

“நான் வரிசையில நிக்கறேன். எனக்கென்ன புதுசா?”

 அவளே மறுபடி ஆரம்பித்தாள். “என்ன, கொஞ்ச நாளா மூஞ்சிக்கு நேரா வந்து வந்து நிக்கற? அவ சொல்லிட்டாளா?” என்றாள். தலையாட்டினேன். “சத்தியத்துக்கெல்லாம் உங்க வீட்டுல மரியாதையே இல்ல” என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள். உங்க வீடு என்றால் அப்பா வீடு. கோபம் வந்தால் நாம் அப்பாவின் பிள்ளைகள் ஆகிவிடுவோம், அது மாறவில்லை.

டீயோடு திரும்பி வந்து கேட்டாள். “உன் அலமாரியில இருக்கற அந்தப் பெட்டி எல்லாத்தையும் ஒட்டுக் கேக்குமா?”

“கேக்காதும்மா. யாரு எங்க போறாங்கன்னு பாக்கும், அவ்வளவுதான்.”

“எங்க போர்டுல ஒருத்தி அப்படித்தான் இருந்தா. பேச்சைச் சேர்த்துட்டு ஹெட்போனைக் கழட்ட மாட்டா. நாங்க யாரும் அவகூட டீ குடிக்கல.”

சொல்லிவிட்டு டம்ளரை என் முன்னால் வைத்தாள். “நீ குடி. நீ என் புள்ள” என்றாள்.

அக்கா, அந்த டீ ஆறும் வரை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நான்கு குடும்பம், ஒப்பந்தம் என்று கணக்கெல்லாம் சொல்லியிருப்பேன். அவள் திட்டவில்லை. ஒயரை நான் திரும்ப மாற்றவும் இல்லை. இப்போதைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடுவில் உட்கார்ந்து, நீ சொல்வதைக் கேட்டு அவளுக்கு வாயசைத்துச் சொல்கிறேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி


மே 11

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கூடத்தில் இடைவேளையில் படித்தேன். அழுதேன். பக்கத்து மேஜைக்காரி ஓடி வந்து யாருக்கு என்ன என்று கேட்டாள். எங்கள் அம்மா இரண்டு ஒயரை மாற்றிச் செருகிவிட்டாள் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அவளிடம் வரிசையைத் தாண்டிவிட்டாய் என்று சொன்னது நான்தானே! சொல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அவள் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும். இதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. உன்னிடம் மறைப்பானேன், அந்தப் பிறந்த நாள் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஒரே ஒரு முறை நம் சீட்டை மேலே வைத்திருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? ஆனால் அந்த பெஞ்சை விட்டு நான் எழுந்து போகவில்லை என்பதையும் இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். உள்ளே அம்மா யாரையும் ஏமாற்ற மாட்டாள், நம் முறை எப்படியும் வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அந்த சிவப்பு டேப்பை எடுத்துவிடு. எனக்குத் தனி வழி வேண்டாம். பெட்டியைக் கழற்று என்று நான் சொல்ல மாட்டேன். நான்கு வீட்டு அடுப்பு உன் கையில் இருக்கிறது, அதை அணைக்கச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அம்மாவின் முகம் நின்று நின்று வந்தாலும் வரட்டும். இடையில் நீ வாயசைத்துச் சொல். ஆனால் நான் சொல்வதை மட்டும் சொல். போன வாரம் நான் அவள் உடம்பைப் பற்றிக் கேட்டதற்கு நீ அவளிடம் ஏதோ நீளமாகச் சொன்னாய், அவள் என்னை முறைத்தாள். என்னடா சொன்னாய்?

அக்கா


ஜூன் 17

அக்காவுக்கு,

அவள் குண்டாகிவிட்டாளா என்று நீ கேட்டதாகச் சொன்னேன். அதை விடு.

பெட்டியைக் கழற்றிவிட்டேன். யாரும் சொல்லிக் கழற்றவில்லை. ஒரு நாள் காலையில் கடைத்தெரு முடிதிருத்துபவர் வந்து, வெளியூரில் படிக்கும் மகளோடு பேசினால் படம் நின்றுவிடுகிறது என்றார். ‘உங்க போன் பழசு’ என்று என் ஆள் ஆரம்பித்தான். அவர் பையிலிருந்து புது போனை எடுத்து மேஜையில் வைத்தார். என் பேச்சைக் கேட்டுப் போன வாரம்தான் வாங்கினாராம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

மேலே இருப்பவர்கள் சொன்னபடியே செய்தார்கள். மே மாதக் கடைசியில் வால்வை மூடிவிட்டார்கள். அதற்குள் நானும் என் ஆட்களும் வெயிலில் அலைந்து இன்னொரு சின்ன கம்பெனியிடமிருந்து லைன் இழுத்துவிட்டோம். முன்பு போல் வேகம் இல்லை. சில வீடுகள் போய்விட்டன. மீதி வீடுகளுக்கு நானே படியேறிப் போய்ச் சொன்னேன்: சாயங்காலத்தில் கொஞ்சம் மெதுவாக இருக்கும், ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும், நடுவில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். என்னென்ன நடந்தது என்பதையும் சொன்னேன். இரண்டு பேர் கதவைச் சாத்தினார்கள். முடிதிருத்துபவர் இதுவரை என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசும் வரை அவரிடம்தான் முடி வெட்டிக்கொள்வது என்று இருக்கிறேன். நான்கு பேரும் இன்னும் என்னோடுதான் இருக்கிறார்கள். அடுத்த வருஷம் எப்படி என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

புதிர்ப் பக்கத்தின் தலையில் இப்போது ஒன்றும் வருவதில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு அம்மாவாகவே, “அந்த மெஷின் கடைக்குக் கூட்டிட்டுப் போ” என்றாள். ஒரு காதில் மாட்டியிருக்கிறாள். டம்ளர் வைக்கும் சத்தம், கதவு தட்டும் சத்தம் கேட்கிறது. பேச்சுக்கு இன்னும் முகம் பார்க்கத்தான் வேண்டும் என்றார் டாக்டர். மாட்டியதும் நான் முதலில் பேசினேன். “ஐயோ, இவ்வளவு சத்தமாவா பேசுவ நீ? இத்தனை நாள் நான் நிம்மதியா இருந்திருக்கேன்” என்றாள்.

இந்த ஞாயிறு நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். மீதியைச் சொல்கிறேன். உன் முகம் முதலில் சதுரம் சதுரமாக வந்தது. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு தெளிந்தது, தெளிந்தபடியே நின்றது. நீ ஏதோ சொன்னாய், அவள் உடனே பதில் சொன்னாள். நான் வழக்கம் போல நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டேன். உட்காரப் போனவன் உட்காரவில்லை. பேச்சு சேர்ந்துவிட்டது, இனி எனக்கு அங்கே என்ன வேலை?

கதவைச் சாத்திவிட்டு வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். கீழே பெட்டியில் சிவப்பு டேப் இருந்த இடத்தில் பசை மட்டும் பிசுபிசுவென்று இருந்தது. உள்ளே நீங்கள் இருவரும் சிரிப்பது கேட்டது. எதற்கு என்று தெரியவில்லை. நான் காலாட்டிக்கொண்டிருந்தேன்.

தையல்காரம்மா கையில் ஏதோ துணியோடு படியேறி வந்தார். “அம்மா இல்லியா தம்பி?” என்று கேட்டார்.

“அம்மா லைன்ல இருக்காங்க” என்றேன்.

இதைச் சொல்லி எத்தனை வருஷம் ஆகிவிட்டது அக்கா! நீயும் பக்கத்தில் இருந்திருந்தால் சேர்ந்து கத்தியிருக்கலாம்.

தம்பி